பீகிள் தடம் மாறினால்: நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

முயல் வேட்டைக்கென்று இங்கிலாந்தில் உருவான மோப்ப நாய் பீகிள். அமெரிக்காவில் நடக்கும் முயல் களப் போட்டிகளில், முயல் தடத்தை விட்டு மான் தடத்தில் ஓடுவது அதற்குப் பெரிய குறை. இந்தியாவில் அத்தகைய போட்டிக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கைத் துரத்துவதையும் வேட்டை என்றே கொள்கிறது. துரத்தும் குணம் மட்டும் நாயை விட்டுப் போவதில்லை. சென்னை அடையாறு வீட்டு பீகிளுக்கு அணில், பூனை, பெருச்சாளி எல்லாமே தடம்தான். அருகிலேயே கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் புள்ளிமானும் வெளிமானும் திரிவதால் கவனம் கூடுதலாகத் தேவை.

தமிழக நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடுபவை. இரை மறைந்தால் வேகம் தணியும். பீகிள் மூக்கை நம்பி ஓடும். இரை போன பிறகும் வாசம் தரையில் கிடக்கும். மூக்கு மண்ணில் பதிந்து, வால் விறைத்து, குரைப்பு ஊளையாக நீண்டுவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது. அதற்கு முன்பே தடுப்பதுதான் எந்த முறைக்கும் அளவுகோல்.

குட்டை வார்: தெருவுக்கு இதுவே முதல் தேர்வு. கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. திடீரென இழுத்தாலும் கழுத்து நெரியாது. துரத்தலைத் தடுக்கும், குணத்தை மாற்றாது.

நீளக் கயிறு: சுமார் 10 மீட்டர் கயிறு, எலியட்ஸ் கடற்கரை போன்ற திறந்தவெளியில் ஆளில்லாத அதிகாலைக்கு ஏற்றது. நாய் மோப்பம் பிடிக்கவும் இடம் கிடைக்கும், பிடியும் நம் கையில் இருக்கும். வண்டி ஓடும் எல்.பி. சாலையில் ஆபத்து.

அழைப்புப் பயிற்சி: வீட்டுக்குள் தொடங்கி, மொட்டை மாடி, காம்பவுண்டு, பிறகு கயிற்றுடன் வெளியே என்று படிப்படியாக நகர வேண்டும். ஒவ்வொரு முறை வந்ததும் வேகவைத்த கோழித் துண்டு போன்ற பரிசு. தாமதமாக வந்தாலும் திட்டக்கூடாது. வந்ததற்கே திட்டு விழுந்தது என்று நாய் புரிந்துகொள்ளும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். நன்றாகப் பழகிய பீகிளும் சூடான தடம் கிடைத்தால் அழைப்பை மீறக்கூடும்.

ஷாக் காலர்: மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டை. மான் தடத்தை மறக்கடிக்க அமெரிக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்துவது. வலி ஒரு நொடி பிசகி விழுந்தால், அப்போது எதிரே வந்த குழந்தையையோ சைக்கிளையோ நாய் அதற்குக் காரணமாக்கிக்கொள்ளும். பயமும் கடியும் பின்தொடரலாம். வேல்ஸ் 2010இல் இதைத் தடை செய்தது. நெரிசலான அடையாறுக்குப் பொருந்தாது.

எந்த முறையோடும் மோப்ப விளையாட்டைச் சேர்க்கலாம். மாடியில் கோழித் துண்டை இழுத்து வாசத் தடம் போட்டு, முடிவில் அதை ஒளித்து வைத்தால் மூக்குக்கு வேலை கிடைக்கும். தெருவில் இழுப்பு குறையும்.

குட்டிக்கு அழைப்புப் பயிற்சியும் மோப்ப விளையாட்டும் போதும். வெளியே எப்போதும் வார். ஏற்கெனவே துரத்திப் பழகிய நாய்க்கு நீளக் கயிற்றில் அழைப்புப் பயிற்சி. பூனையைக் கடித்த வரலாறு உள்ள நாய்க்குக் குட்டை வாரும் அனுபவமுள்ள பயிற்சியாளரும். பூங்கா வேலி அருகே எந்த நாய்க்கும் வாரை அவிழ்க்கக்கூடாது.