கைப்பொருளுக்கேற்ற கணினி

எமது கல்லூரியின் யூபிலி மலரிலே தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரையப் புகின், அது நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியதாகவோ சங்கப் புலவர்தம் நட்பைப் பற்றியதாகவோ அமையும் என எதிர்பார்ப்பது இயல்பே. கணினி கொள்ளும் முறைபற்றி அவர் எழுதுவது சிலர்க்கு நகையை விளைத்தலுங் கூடும். ஆயினும் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்கு இரண்டு காரணங்கள் உள. யூபிலியின் நினைவாகக் கல்லூரிக்குக் கணினிகள் வழங்கும் எண்ணம் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது என்பது ஒன்று. மற்றையது எமது தவறு ஒன்றைப் பற்றியது. அதனையே முதலிற் கூறுவோம்.

இரண்டாண்டுகளின் முன்னர், எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தான். தந்தையார் வெங்காயச் செய்கை பண்ணும் சிறு கமக்காரர். வீட்டிற் கணினி இன்றி அப்பாடத்தைக் கற்றல் அரிது என்று மகன் கூறியதும், தாயார் தம் காப்புச் சோடியை அடகு வைத்துப் பணங் கொடுத்தார். பையன் எம்மிடம் வந்து, "சேர், எப்படிப்பட்டதை வாங்குவது?" என்று கேட்டான். "பழையதை வாங்கி ஏமாறாதே, புதியதாகப் பார்த்து வாங்கு" என்று சொல்லியனுப்பினோம். அவ்வாறே தந்தையும் மகனும் நகரத்துக்குச் சென்று, கைக்கு எட்டிய விலையில், வெள்ளிபோல் மின்னிய மெல்லிய மடிக்கணினி ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கி வந்தனர்.

நான்கு மாதங்கள் செல்லுமுன் அது நகர மறுத்தது. இயங்குதளம் தன்னைப் புதுப்பிக்க முயன்றபோதெல்லாம் இடம் போதாது என்றது. திறந்து பார்த்தவர் கூறிய செய்தி இது: சேமிப்பகம் 64 ஜிகாபைற், நினைவகம் 4 ஜிகாபைற், இரண்டுமே தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டவை. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. கடைக்காரர் பொய் கூறினாரல்லர். அவரிடம் கேட்கவேண்டியதை இவர்கள் கேட்டிலர். கேட்கவேண்டியது யாது என அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய யாமும் அதனை அறிந்திலேம்.

திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை யாம் பல்லாண்டுகள் கற்பித்து வந்துள்ளோம். கைவிட்டுப் போவது, கைக்கு வருவது, வந்ததனாற் பின்னர் விளைவது ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே ஒன்றைச் செய்தல் வேண்டும் என்பது அதன் முதற் குறளின் கருத்து. அதனைக் கற்பித்த வாயினாலேயே 'புதியதாகப் பார்த்து வாங்கு' என்ற ஒரு சொல்லோடு ஒரு குடும்பத்தை அனுப்பிவிட்டோம் என்னும் நாணத்தினாலேதான் இத்துறையை யாம் கற்கத் தொடங்கினோம். கணிதம் கற்பிக்கும் நண்பரும், நகரிலே கணினி பழுதுபார்க்கும் பழைய மாணவர் ஒருவரும் எமக்கு ஆசிரியராயினர். (கணனி என எழுதுவாரும் உளர். கணி என்னும் அடியிலிருந்து பிறந்த சொல்லாதலின் கணினி என்பதே எமக்கு உவப்பு. இது நிற்க.)

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே விடை காணவேண்டியவை சில உள. கணினியை யார், என்ன வேலைக்குப் பயன்படுத்துவர்? அது ஓரிடத்தில் இருக்குமா, ஊர் ஊராகச் செல்லுமா? பழுதுற்றால் யார் பார்ப்பர்? இவற்றுக்கு விடை தெரியின் பாதி முடிவு ஆயிற்று.

மடிக்கணினியின் விலையில் ஒரு பங்கு அதன் மெல்லிய உடலுக்கும் மின்கலத்துக்குமாகப் போகின்றது. ஆகவே அதே விலைக்கு மேசைக்கணினி தரும் ஆற்றலை அது தருவதில்லை. மின்கலம் மூன்று நான்கு ஆண்டுகளில் தளரும். மேசைக்கணினியின் விசைப்பலகை கெடின் அடுத்த கடையிற் சிறு விலைக்கு வேறொன்று வாங்கலாம். மடிக்கணினியிலோ அது பெருஞ் செலவாய் முடியும். எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். அந்நாள்களில் மடிக்கணினி வைத்திருந்தோர் ஓரளவாயினும் வேலை செய்தனர். பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லும் மாணவர்க்கும் மடிக்கணினியே தகும். அவரிடம் மேசைக்கணினியின் சிறப்பை விரித்துரைத்தல் வீண். ஆனால் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நினைவகத்தைப் பின்னர் கூட்டலாமா? சேமிப்பகத்தை மாற்றலாமா?" இரண்டிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் தடித்த கணினி, 'இல்லை' என்னும் விடை கிடைக்கும் மெல்லிய கணினியினும் மேலானது.

வீட்டிலோ பாடசாலையிலோ ஓரிடத்திலிருந்து வேலை செய்வார்க்கு மேசைக்கணினியே சிக்கனமானது. அதிலும் புதியதைக் காட்டிலும், அலுவலகங்களிற் பயன்படுத்தப்பட்டுப் புதுக்கப்பெற்றவை எம்போன்ற மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றவை. பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கணினிகளைத் தொகுதியாக மாற்றிவிடுவது வழக்கம். பழுதுற்றமையால் அன்று; உத்தரவாதக் காலமோ குத்தகைக் காலமோ முடிந்தமையால் அவ்வாறு செய்கின்றன. அவை துப்புரவு செய்யப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. டெல், எச்.பி., லெனோவோ முதலிய நிறுவனங்கள் அலுவலகத்துக்கெனச் செய்த பெட்டிகள் நெடுநேர வேலைக்கென ஆக்கப்பட்டவை. திருகாணியைக் கழற்றி உள்ளே கைவைக்க இடந்தருபவை. 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்த பின்னர், புதிய கணினி என்பது பல குடும்பங்களுக்குக் கனவாகிவிட்டது. யாம் விசாரித்த அளவில், நடுத்தரமான புதிய மடிக்கணினி ஒன்றின் விலைக்குப் புதுக்கிய மேசைக்கணினிகள் இரண்டைத் திரையோடு வாங்கலாம்.

ஆயினும் பழையனவெல்லாம் ஒரு தரத்தன அல்ல. இங்கேதான் எண்ணை வாசிக்கும் வித்தை வேண்டும். இன்டெல் செயலியின் பெயரிலே ஐ3, ஐ5, ஐ7 என வருவனவற்றையே பலர் நோக்குவர். அதற்குப் பின்வரும் எண்ணே பெரிது. மேசைக்கணினிகளில் நான்கு இலக்கங்கள் இருப்பின் முதலிலக்கமும், ஐந்து இலக்கங்கள் இருப்பின் முதலிரண்டு இலக்கங்களும் செயலியின் தலைமுறையைக் காட்டும். ஐ5-6500 ஆறாந் தலைமுறை. ஐ5-8500 எட்டாந் தலைமுறை. ஐ5-10400 பத்தாந் தலைமுறை. 2011இல் வெளிவந்த ஐ7-2600 விண்டோஸ் 11க்கு ஏற்றவற்றின் பட்டியலில் இடம்பெறாது. 2017இல் வந்த ஐ3-8100 இடம்பெறும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. எனவே விண்டோசையே நம்பியிருப்போர் இன்டெல்லாயின் எட்டாந் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டதை வாங்குதல் தகாது. ஏழாந் தலைமுறையும் அதற்கு முந்தியனவும் இன்று மிக மலிவாகக் கிடைப்பதன் இரகசியமும் இதுவே.

அவற்றை அடியோடு ஒதுக்கவும் வேண்டா. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் அவற்றில் நன்கு ஓடும். உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படும் பைதன் மொழியை எழுதவும், லிப்ரே ஒபிஸ் கொண்டு கட்டுரை தட்டெழுதவும், இணையத்தைப் பார்க்கவும் அது போதும். விண்டோசுக்கெனவே செய்யப்பட்ட கணக்கியல் மென்பொருள் போன்றவற்றை நம்பியிருப்பார்க்குத்தான் அது பொருந்தாது.

நினைவகம் வாசிப்பு மேசையை ஒத்தது. சேமிப்பகம் அலுமாரியை ஒத்தது. மேசை சிறிதாயின் ஒவ்வொரு நூலையும் எடுத்துவைத்து எடுத்துவைத்தே பொழுது கழியும். மாணவர்க்கு 8 ஜிகாபைற் நினைவகம் போதும். சேமிப்பகத்திற் பழைய வகை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டினாலானது. அதில் ஊசிபோன்ற ஒன்று ஓடியோடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகையிலோ சுழலுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. பழைய கணினியொன்றில் இதனை மட்டும் மாற்றிப் பொருத்தியபோது, தேநீர் ஆறும்வரை காத்திருந்து திறக்கவேண்டிய இயந்திரம் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நின்றதைக் கண்ணாரக் கண்டோம். கையிலுள்ள கணினி மெதுவாக ஓடுகின்றது என்று வருந்துவோர், புதியது வாங்குமுன் இதனைச் செய்து பார்க்கலாம். பலருக்கு வேறு செலவே வேண்டியிராது.

மேசைக்கணினி மின்சாரத்தை அதிகம் உண்ணும் என்பர். உண்மையே. திரையோடு சேர்த்து 80 உவாற்று எனக் கொண்டு, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் இயக்கினால் 30 நாள்களில் 12 அலகு ஆகும். 30 உவாற்று மடிக்கணினிக்கு நாலரை அலகே. வீட்டுப் பாவனையில் அலகு ஏறஏற ஓரலகின் கட்டணமும் ஏறுவதால் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஆகாது. அன்றியும் மின்சாரம் சட்டென நிற்கும்போது எழுதியது அழியாதிருக்க யூ.பி.எஸ். ஒன்றும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தே விலையை ஒப்பிடுதல் முறை.

தட்டைக்கணினியாகிய டப் வாசிப்பதற்கு இனியது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி வாசிக்கலாம்; அதற்கு டப்பினும் சிறந்த கருவியை யாம் அறியோம். ஆனால் 2020இலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிறு கைப்பேசித் திரையிற் கட்டுரை எழுதமுயன்ற எம் மாணவரை நினைக்கின்றோம். வாசிக்கும் கருவி வேறு, எழுதும் கருவி வேறு. குரோம்புக் என்னும் வகை 2011 முதல் விற்பனையில் உள்ளது. இணையம் தடையின்றிக் கிடைக்கும் வீட்டுக்கு ஏற்றது. ஒவ்வொன்றுக்கும் புதுப்பித்தல் முடியும் நாள் ஒன்று குறிக்கப்பட்டிருத்தலால், பழையதை வாங்குவோர் அந்நாளை முதலில் அறிதல் வேண்டும். 2012இல் 35 டொலர் விலையோடு வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையளவான கணினி. விஞ்ஞானக் கழகத்துக்கு அது விருந்து. வீட்டின் ஒரே கணினியாக அதனைக் கொள்ளுதல் எம் கருத்துக்கு உடன்பாடன்று.

தமிழ் எழுதுவதற்கெனத் தனிச் செலவு எதுவும் வேண்டா. யூனிகோட் முறை எல்லாக் கணினிகளிலும் உண்டு. இம்மலருக்குக் கட்டுரை அனுப்பிய அன்பர் சிலர் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி அனுப்பினர். எமது கணினியில் அவ்வெழுத்துரு இன்மையால், உருக்கமான நினைவுக் கட்டுரை ஒன்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தோன்றிற்று. மாற்றி எடுக்க ஓரிரவு சென்றது. அன்புகூர்ந்து அடுத்த மலருக்கேனும் யூனிகோட்டில் எழுதுக.

இனிக் கல்லூரிக்கு வருவோம். புதிய மடிக்கணினிகளே வேண்டும் என்பது கணித ஆசிரியரின் வாதம். வகுப்புக்கு வகுப்பு கொண்டுசெல்லலாம். மாலையில் அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் நாற்பது மாணவர் உள்ள வகுப்பிலே, பத்துக் கணினிகளாயின் ஒன்றைச் சுற்றி நால்வர், இருபதாயின் இருவர். நால்வர் இருக்குமிடத்து விசைப்பலகையைத் தொடுபவன் ஒருவனே. ஏனைய மூவரும் பார்வையாளர். எனவே ஆசிரியர் பயன்பாட்டுக்கு மடிக்கணினி ஒன்றிரண்டும், மாணவர்க்குப் புதுக்கிய மேசைக்கணினிகளும் என்பதே எம் வேண்டுகோள். நன்கொடை முழுவதையும் பெட்டிகளுக்கே செலவிடாது, யூ.பி.எஸ்.ஸுக்கும் பழுதுபார்த்தலுக்கும் ஒரு பங்கை வைப்பிலிடல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் அங்கே கழித்த கணினிகளைக் கப்பலில் அனுப்ப எண்ணுவராயின், முதலிற் செயலியின் எண்ணை எமக்கு எழுதியனுப்புக. ஓடாத கணினிக்கும் கப்பற்கூலி ஒன்றே.

அந்த மாணவனின் மடிக்கணினிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். பழுதுபார்க்கும் நண்பர் அதில் லினக்சை ஏற்றிக் கொடுத்தார். பைதன் அதில் ஓடியது. மெதுவாயினும் பரீட்சைவரை அது துணைநின்றது. இவ்வாண்டு அவனுடைய தங்கை அதே பாடத்தை எடுத்திருக்கின்றாள். சென்ற மாதம் தந்தையார் எம்மிடம் வந்தார். இம்முறை சொல்லியனுப்பாது, சனிக்கிழமை உடன்சென்றோம். எட்டாந் தலைமுறைச் செயலியோடு கூடிய புதுக்கிய மேசைக்கணினி ஒன்றைத் தெரிந்து, அரைமணி நேரம் கடையிலேயே ஓடவிட்டு, மூடியைக் கழற்றி நினைவகத்துக்கு வெற்றிடம் உண்டா எனப் பார்த்து, உத்தரவாதத்தை எழுத்திற் பெற்றுக்கொண்டோம். கொண்டுவந்த பணத்தில் மிகுந்ததைத் தந்தையார் மடியிற் செருகிக்கொண்டு, காப்பின் வட்டி கட்டுவதற்காக அடகுக்கடைப் பக்கம் நடந்தார்.