மீண்டு வாராத கடைக்காரர்

தொலைக்காட்சியில் இறப்புக்குக் குறைவில்லை. துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் வீழ்கிறான், கதை அவனைக் கடந்து விரைந்து செல்கிறது. அவனுக்காக அழுதவர் யார், அவன் இல்லத்தில் அன்றிரவு விளக்கேற்றியவர் யார் என்பன பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கேலிச்சித்திரப் படங்களிலோ, பாறையின்கீழ் நசுங்கிய விலங்கு மறுநொடியே எழுந்து ஓடுகிறது. இத்தகைய இறப்புகளையே கண்டு வளரும் குழந்தை, இறந்தவர் மீள்வதில்லை என்பதை எங்ஙனம் அறியும்? 1982ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டில் சிறுவர் நிகழ்ச்சியொன்றை நடத்தியோர் முன் இவ்வினா எதிர்பாராமல் வந்து நின்றது.

‘செசமி ஸ்ட்ரீட்’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். பள்ளிப் பருவம் எய்தாத சிறார்க்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் நோக்குடன் 1969ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அது தொடங்கப் பெற்றது. நகரத் தெரு ஒன்றில் மாந்தரும் பொம்மைகளும் அண்டை அயலாராய் வாழ்வதாக அமைந்தது அதன் கதை. அத்தெருவில் சிறு கடை நடத்தியவர் ஹூப்பர் என்னும் முதியவர். சற்றே சிடுசிடுப்பானவர், ஆயினும் அன்புள்ளம் படைத்தவர். அங்கு வாழ்ந்த ‘பிக் பேர்ட்’ என்னும் மஞ்சள் நிறப் பறவையோ, உயரத்தில் எட்டடிக்கு மேற்பட்டது. உள்ளத்தில் ஆறு வயதுக் குழந்தை. ஹூப்பரின் பெயர் அதன் வாயில் சரியாக வருவதே இல்லை. ‘லூப்பர்’ என்றே அழைக்கும். அவரும் சலியாமல் திருத்துவார்.

ஹூப்பராக நடித்த வில் லீ என்பவர் 1982 டிசம்பர் 7ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வேறொரு நடிகரை அவ்விடத்தில் அமர்த்தியிருக்கலாம். ஹூப்பர் ஓய்வு பெற்று வெளியூர் சென்றுவிட்டார் என்று கதையை மாற்றியிருக்கலாம். எளிய வழிகள்தாம். நிகழ்ச்சியை ஆக்கியோர் அவற்றை எண்ணிப் பார்த்து விலக்கினர். குழந்தை உளவியல் அறிந்தோரை நாடினர். இறந்தவரைப் ‘பயணம் போயிருக்கிறார்’ என்றால், குழந்தை நாள்தோறும் வாயிலையே பார்த்திருக்கும். ‘உறங்குகிறார்’ என்றால், தான் உறங்கவே அஞ்சக்கூடும். ‘நோய் கண்டு போனார்’ என்று மட்டும் சொன்னால், சளி பிடித்தாலும் நடுங்கக்கூடும். இவையெல்லாம் பெரியோர் இரக்கத்தால் கூறுவன. அவ்விரக்கத்தில் தம் அச்சமும் ஒரு பங்கு கலந்திருப்பதை அவர்கள் உணர்வதில்லை. நார்மன் ஸ்டைல்ஸ் எழுதிய காட்சியிலோ இச்சொற்களுள் ஒன்றும் இடம் பெறவில்லை.

அக்காட்சி 1983 நவம்பர் 24ஆம் நாள் ஒளிபரப்பப் பெற்றது. அஃது அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நவிலும் நாள். விடுமுறையாதலின் பெற்றோர் இல்லத்தில் இருப்பர். குழந்தை திரும்பிப் பார்த்து ஒன்று கேட்டால் விடை கூற ஒருவர் அருகில் இருப்பார். அந்நாளைத் தேர்ந்ததன் கருத்து அதுவே.

பிக் பேர்ட் தன் நண்பர் ஒவ்வொருவரையும் படமாக வரைந்து கொண்டு வருகிறது. அவரவர் படத்தை அவரவர்க்கு அளிக்கிறது. எல்லாரும் நகைத்து மகிழ்கின்றனர். இறுதியில் ஒரு படம் எஞ்சுகிறது, அது ஹூப்பருடையது. அதனை அவரிடம் கொடுக்க அது கடையை நாடுகிறது. சிரிப்பு அடங்குகிறது. முன்பே சொன்னோமே, அவர் இறந்துவிட்டார் என்று மரியா மென்மையாக நினைவூட்டுகிறாள். ஆம், நினைவிருக்கிறது, திரும்பி வந்ததும் கொடுப்பேன் என்கிறது பறவை. இறந்தவர் திரும்பி வருவதில்லை என்று மற்றவர் சொல்ல நேர்கிறது.

இனித் தனக்குத் தின்பண்டமும் கதையும் தருபவர் யார் என்பது அதன் முதற் கவலை. இதனைத் தன்னலம் என்பார் குழந்தைகளை அறியாதார். கடையைத் தான் நடத்துவதாக டேவிட் உறுதி கூறுகிறான். ஹூப்பரைப் பற்றிய நினைவுகள் நம்மிடம் இருக்கின்றன என்கின்றனர் பிறர். நினைவிலிருந்துதான் இப்படத்தை வரைந்தேன் என்று பறவையும் ஒப்புகிறது. எனினும் அதன் மனம் ஆறவில்லை. எல்லாம் நன்றாகத்தானே இருந்தன, ஏன் இப்படி நேர வேண்டும், ஒரே ஒரு காரணமாவது சொல்லுங்கள் என்று கேட்கிறது. கார்டன் என்பவரிடம் காரணம் இல்லை. அப்படித்தான் என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் கூற முடியவில்லை. அறிவு புகட்டவே பிறந்த நிகழ்ச்சி, விடையில்லாத வினாவை விடையின்றியே விட்டது. சூழ நின்ற நடிகர்தம் கண்களில் அப்போது பெருகிய நீரும் நடிப்பன்று; பதின்மூன்று ஆண்டுகள் உடன் உழைத்தவரை அவர்கள் இழந்திருந்தனர்.

பறவை படத்தை நோக்கி, லூப்பரே, நீரின்றி வருந்துவேன் என்கிறது. ஹூப்பர் என்று திருத்துகிறாள் மரியா. இனி அப்பெயரைத் திருத்த அவர் வரப்போவதில்லை அன்றோ!

அப்படம் பிக் பேர்டின் கூட்டருகே மாட்டப் பெற்றது. பின் வந்த ஆண்டுகளிலும் அங்கேயே தொங்கியது. கடை கைமாறிய பின்னரும் அதன் பெயர் ‘ஹூப்பர் கடை’ என்றே நிலைத்தது.