லாரிக் கட்டை தின்னும் வால்முடி

கேள்வி: மதுரைப் பக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆடிக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை ஏற்றிப் போகிறேன். இந்த வருடம் என் மார்வாரிப் பெட்டையை லாரியிலிருந்து இறக்கியபோது வாலடி முடி துடைப்பக்கட்டை மாதிரி குத்திட்டு நின்றது. ஓரிடத்தில் தோலே தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் ‘சொறி இருக்கும்போல’ என்று விலகிப் போனார்கள். அடுத்த தடவை வாலில் துணி சுற்றினால் போதுமா? எவ்வளவு இறுக்கிச் சுற்ற வேண்டும்?

பதில்: துணி சுற்றலாம். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ‘எவ்வளவு இறுக்கி’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தேய்ந்த முடி முளைத்துவிடும். இறுக்கிக் கட்டியதால் ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன வால் முளைக்காது.

வால் ஏன் தேய்கிறது?

உங்கள் பெட்டை பெரும்பாலும் வேண்டுமென்று வாலைத் தேய்த்திருக்காது. சாய்ந்து நிற்க இடம் தேடியிருக்கிறது. சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. லாரி பிரேக் போட்டால் அந்த எடை இன்னும் முன்னே போகிறது. வண்டி துள்ளிக் கிளம்பினால் பின்னே வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் நாம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். பிடிக்கக் கையில்லாத குதிரை, பின்பக்கத்தைத் தடுப்புக் கட்டையில் முட்டுக் கொடுத்துக்கொள்கிறது. ஒருமுறை தடுமாறிய குதிரை அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்காது. வழிநெடுக அப்படியே சாய்ந்து வரும். கட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் அகப்படுவது வாலடிதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அங்கே முடி கொஞ்சம் கொஞ்சமாக அரைபடுகிறது.

கட்டையை எடுத்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், சரக்கு லாரியில் குதிரை ஏற்றினால் வழுக்காத தரை, குதிரைக்கும் குதிரைக்கும் இடையே மூங்கில் கழி, பின்னால் உறுதியான கட்டைகள், கூடவே ஓர் ஆள் என்று கேட்கின்றன. குதிரை விழாமல் காப்பதும் அந்தக் கட்டைதான், வாலைத் தின்பதும் அதே கட்டைதான். ஆகவே கட்டை இருக்கட்டும். அதன்மேல் குதிரை சாய வேண்டிய தேவையைக் குறைப்போம்.

முதலில் லாரி

தரையிலிருந்து தொடங்குங்கள். கால் வழுக்கும் குதிரைதான் அதிகமாகச் சாயும். லாரியின் இரும்புத் தகட்டின்மேல் வெறும் வைக்கோலைப் பரப்பினால், மூத்திரம் பட்டதும் அதுவே வழுக்கும். அடியில் ரப்பர் மேட், அதற்குமேல் வைக்கோல் என்று போடுங்கள். மேட் கிடைக்காவிட்டால் தடிமனான தேங்காய்நார்ப் பாய், இல்லையென்றால் மணல்.

அடுத்தது கட்டையின் உயரம். வால் முளைக்கும் இடத்துக்கு நேராகக் கட்டை வந்தால் என்ன சுற்றியும் பயனில்லை. அதற்குக் கீழே, தொடையின் மேற்சதை போய் அழுந்தும்படி இறக்கிக் கட்டுங்கள். ரொம்பவும் இறக்கினால் குதிரை அதன்மேல் உட்காரப் பார்க்கும், காலைத் தூக்கிப் போடவும் கூடும். ஒவ்வொரு குதிரைக்கும் உயரம் வேறு என்பதால், ஏற்றி நிறுத்திய பிறகு அளந்து கட்டுவதுதான் சரி.

பிறகு மெத்தை. வழக்கமாகச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் வரிந்துவிடுகிறோம். சாக்கின் சொரசொரப்பும் கயிற்று முடிச்சும் முடிக்கு அரம் மாதிரி. பழைய டியூபைச் சுற்றினாலும் ரப்பர் முடியைப் பிடித்து இழுக்கும். உள்ளே ஸ்பாஞ்சோ பழைய கம்பளியோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும்; மேலே வழவழப்பான ரெக்ஸின் வரட்டும். முடிச்சு, ஆணி, தையல் எல்லாம் குதிரை படாத பக்கம் போகட்டும்.

குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி நிற்கும் குதிரைகள் பொதுவாகக் குறைவாகத் தடுமாறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாக் குதிரைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. அப்படி நிறுத்தினால் பிரேக்கின்போது பின்பக்கம் டிரைவர் கேபினை நோக்கிப் போகும். மெத்தையை அங்கே மாற்றுங்கள். குறுக்காக நிறுத்தினால் பக்கச் சுவரில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து டிரைவரின் கால். கியரை மெதுவாக மாற்றிக் கிளம்பினாலே தேய்மானம் குறையும். முன்னே சொன்ன 1978 விதிகள் குதிரை ஏற்றிய சரக்கு வண்டிக்கு மணிக்கு 35 கிலோமீட்டரை உச்சமாக வைத்திருப்பது சும்மா இல்லை. மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சரியும் என்பதால் மலைப்பாதையில் இன்னும் நிதானம் வேண்டும்.

இனி துணி

மருந்துக்கடையில் கிடைக்கும் 3 அங்குல க்ரேப் பேண்டேஜ் போதும். கட்டும்போது பின்னால் நேராக நிற்காமல், தொடையை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

1. வாலடி முடியை ஈரக் கையால் கீழ்நோக்கி வழித்துப் படிய வையுங்கள். முடியை நனைக்கலாம், பேண்டேஜை நனைக்கக் கூடாது. ஈரத் துணி காயக் காயச் சுருங்கி இறுகும். எண்ணெயும் வேண்டாம், தடவினால் கட்டு பத்து நிமிடத்தில் நழுவிவிடும்.

2. வாலுக்கு அடியில், முடிந்தவரை மேலே பேண்டேஜை வைத்து, நுனியை ஒரு சாண் வெளியே விடுங்கள். ஒரு சுற்றுச் சுற்றி, விட்ட நுனியை மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் அடுத்த சுற்று. இந்த மடிப்புதான் கட்டை நழுவாமல் பிடிக்கும், இறுக்கம் தேவைப்படாது.

3. ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மறைக்கும்படி கீழே இறங்குங்கள். வாலுக்குள் எலும்பு முடிகிற இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, அதற்கு ஓரிரு அங்குலம் முன்பே நிறுத்துங்கள்.

4. முடிச்சோ ஒட்டுப் பட்டையோ கட்டைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. பேண்டேஜ் இழுபடும், பிளாஸ்திரி இழுபடாது. ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சுற்றுதான்.

5. கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சாணம் போட வாலைத் தூக்கும்போது கட்டு தடுக்கக் கூடாது.

வாலின் அடிப்பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. சுற்றிலும் சதை அதிகம் இல்லை. அதனால் வலுவாக இழுத்துக் கட்டினால் நெரிபடுவது சீக்கிரம் நடந்துவிடும். லேசாக நெரிபட்டால் அந்த வளையத்தில் முடி உதிர்ந்து பிறகு வெள்ளையாக முளைக்கும். அதிகமானால் தோல் அழுகும். வாலையே இழக்கவும் நேரும். இரவு முழுக்கக் கட்டோடு விட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது.

நீளமான முடி சாணத்தில் புரண்டால் எலும்பு முடிந்த இடத்துக்குக் கீழே தளர்வாகப் பின்னி, மடித்து, துணிநாடாவால் கட்டலாம். அந்தப் பின்னலை எதனோடும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

உங்கள் பயணம் ஏழெட்டு மணி நேரம். ஒரே கட்டு அவ்வளவு நேரம் தாங்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட நிறுத்துவீர்கள் அல்லவா? அப்போது பேண்டேஜை அவிழ்த்து, தடவிப் பார்த்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி கட்டுங்கள். அதற்கெல்லாம் ஆள் இல்லையென்றால் பந்தயக் குதிரைக்காரர்களும் சவாரிப் பள்ளிகளும் பயன்படுத்தும் ‘டெயில் கார்ட்’ வாங்கிவிடுங்கள். அகலமான உறை, எடுத்து ஒட்டும் பட்டையோடு வரும். உறையிலிருந்து ஒரு நாடா முதுகுப் பட்டைக்குப் போய் அதைத் தாங்குவதால் வாலை இறுக்க வேண்டியதில்லை. தையற்காரரிடம் சொல்லி உள்ளே மென்துணி வைத்தும் தைத்துக்கொள்ளலாம்.

சந்தை நாளன்று முதல்முறையாகக் கட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே லாயத்தில் அரைமணி நேரம் கட்டிப் பழக்குங்கள். புதிய துணி வாலில் இருப்பதைச் சகிக்காத குதிரை, லாரிக்குள் அதைக் கழற்றவே தேய்க்கும்.

இறக்கிய பிறகு

பின்னல் இல்லாத வாலென்றால் கட்டின் மேல்நுனியை இரு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் கீழே உருவிவிடலாம். பின்னியிருந்தால் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க வேண்டும். கையால் தடவிப் பாருங்கள். லேசான வரிகள் சற்று நேரத்தில் மறையும். வால்நுனி சில்லென்று இருந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, தொட்டால் குதிரைக்கு உறைக்காவிட்டாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் மட்டும் உராய்ந்திருந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் போதும். எண்ணெய் தடவ ஆசையிருந்தால் புண் ஆறிய பிறகு.

பயணம் இல்லாத நாளிலும் உங்கள் பெட்டை மரத்திலும் சுவரிலும் வாலைத் தேய்க்கிறதா என்று பாருங்கள். தேய்த்தால் விலகிப் போனவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். ஊசிப்புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அந்த அரிப்பில் குதிரை வாலடியைத் தேய்க்கும். காலையில் அங்கே ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துக் கொடுத்தால் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் முட்டையைக் கண்டுவிடுவார். பேனும், அந்திநேரச் சிறு கொசுக்களின் கடியும் இதே வேலையைச் செய்யும். இவற்றுக்கு வாலில் துணி சுற்றினால் நோய் மறைந்திருக்கும், குணமாகாது.

உதிர்ந்த முடி மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். அடுத்த ஆடிக்குள் வாலடி ஓரளவு படிந்துவிடும். பழைய நீளம் வர இன்னும் காலமாகும்.

லாரிக்காரருக்கு வாடகை கொடுத்து அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் உள்ளே ஏறிப் பாருங்கள். கட்டையில், கதவுக் கொண்டியில், எங்காவது நாலு முடி ஒட்டியிருக்கும். திரும்பும்போது மெத்தை வைக்க வேண்டிய இடம் அதுதான்.