விரல் விட்டு எண்ணினால் தப்பா?

நம்பிக்கை: 247 எழுத்தும் மனப்பாடமான பிறகுதான் பிள்ளை வாசிக்கத் தொடங்க வேண்டும்.

உண்மை: 247 என்றால் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். ஆனால் அதில் 216 உயிர்மெய். துணைக்கால் பிடிபட்டால் கா முதல் னா வரை 18 எழுத்து ஒரே வீச்சில் வந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னாவும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. கு, சு, டு வரிசைதான் அடங்காத கூட்டம், எழுத்துக்கு ஒரு வடிவம். அதற்குப் பொறுமை வேண்டும்.

அதுவரை வாசிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. ட, ப, ம தெரிந்து, புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வரும். ஒருநாள் கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி உதட்டைச் சேர்த்தாள், நடுவில் கொஞ்சம் தடுமாறினாள், சட்டென்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். மின்கம்பியில் ஒன்று சிக்கிக் கிடந்தது.

நம்பிக்கை: கடகடவென்று ஒப்பித்தால் வாசிக்கத் தெரியும்.

உண்மை: பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். பிள்ளை முதல் வரியிலிருந்து ஓடி வந்துதான் அதைச் சொல்கிறான் என்றால், படித்தது கண்ணல்ல, காது.

நம்பிக்கை: விரல் விட்டு எண்ணினால் கணக்கு வராது.

உண்மை: விரலைத் தட்டிவிடாதீர்கள். 8+5க்கு எட்டை மனதில் வைத்து ஐந்து விரல் மடக்கும் பிள்ளை, ஒன்றிலிருந்து எண்ணுகிறவனைவிட ஒரு படி மேலே. அடுத்த படி, ஐந்திலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்குவது. மீதி மூன்று. பத்தும் மூன்றும் பதின்மூன்று; பெயரிலேயே விடை இருக்கிறது. தமிழ் தொண்ணூற்றில்தான் காலை வாரும்: நூறு வருமுன்பே பெயருக்குள் ‘நூறு’ புகுந்துவிடுகிறது. அங்கே பிள்ளை திணறினால் திட்டாதீர்கள்.

நம்பிக்கை: விளையாட்டும் பாட்டும் இருந்தால் போதும்.

உண்மை: தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய பிறகு ஆட்டம் பாட்டத்துக்கு வகுப்பில் மரியாதை கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பல்லாங்குழியைச் சும்மா கொடுத்தால் அது ஆட்டம் மட்டுமே. 14 குழிக்கு ஐந்தைந்தாக எத்தனை புளியங்கொட்டை வேண்டும் என்று முதலில் கேளுங்கள். குவியலைத் தந்து பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள். ஏழு கூறு வரவேண்டும். குறைந்தால், யார் சட்டைப் பையில் என்று தேட வேண்டியதுதான்.