குரல் கம்மல் தீரவில்லையா? ஆழத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்!

"டாக்டரய்யா, குரல் கட்டிக்கிச்சு. போன தடவை கொடுத்த சூரணத்தையே கொடுங்க, போதும்."

அனகாபுத்தூரில் என் கிளினிக்குக்கு வந்த அந்த நெசவாளர் இப்படித்தான் ஆரம்பித்தார். வயது ஐம்பத்தைந்து. நாற்பது வருஷமாகத் தறி, முப்பது வருஷமாகப் பீடி. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தொண்டை வலியும் இல்லை. நானும் அதிமதுரம், ஆடாதோடை என்று கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி மருந்து. ஐந்தாவது வாரம் கூட வந்த அவர் மனைவி சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது.

"போன்ல பேசினா எங்க பொண்ணுக்கே இவரு குரல் அடையாளம் தெரியலீங்க!"

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வை பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் நான். அதில் 'மொழி' என்பது நோயாளியின் பேச்சையும் குரலையும் கவனிப்பது. நாடியைப் பிடித்த நான், மொழியைச் சரியாகக் கவனிக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால், இதே தவறு பல வீடுகளிலும் நடக்கிறது.

மூன்று வாரம்தான் கெடு

சளி பிடித்தோ, கத்திப் பேசியோ வரும் குரல் கம்மல் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் போகவில்லையா? கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போய்விட வேண்டும். பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விழுங்கும்போது சிரமம், ஒரு பக்கக் காது வலி, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது சத்தம் - இவையும் எச்சரிக்கை மணிகள்.

குரல் கம்மிய எல்லாருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஓயாமல் பேசும் ஆசிரியைக்கும், கூவி விற்கும் வியாபாரிக்கும், நெஞ்செரிச்சல்காரருக்கும்கூடக் குரல் கம்மும். ஆகவே பயம் வேண்டாம். ஆனால் பார்க்காமல் இருக்கவும் வேண்டாம். குரல் நாணில் வரும் புற்று சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த நல்ல வாய்ப்பை நாம்தான் நழுவ விடுகிறோம்.

மேலே தெரிவது வேறு, ஆழம் வேறு

புற்று என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். வெளியே தெரியும் மண்மேட்டைப் பார்த்து, உள்ளே எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியுமா? தொண்டை டாக்டர் மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுக் குரல் நாணைப் பார்ப்பார். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அது என்ன கட்டி என்பது இதில் தெரிந்துவிடும். எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பது இதில் முழுதாகத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு அரச குடும்பத்தின் கதை. 1887-ல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. ஜெர்மன் டாக்டர்கள் புற்று என்று சந்தேகித்து ஆபரேஷனுக்குத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வந்த மொரெல் மெக்கன்ஸி, முதலில் சதைத் துணுக்கைப் பரிசோதிக்கச் சொன்னார். நுண்நோக்கியில் பார்த்தவர் புகழ்பெற்ற ருடால்ஃப் விர்ச்சோ. புற்று தெரியவில்லை என்றார். ஆபரேஷன் நின்றது. 1888 மார்ச்சில் சக்கரவர்த்தியான ஃபிரெடெரிக், 99 நாள் மட்டுமே ஆண்டு, ஜூன் 15-ம் தேதி இறந்தார். குரல்வளைப் புற்றுநோய்தான்! மேலாக எடுத்த துணுக்கு உள்ளே இருந்ததைச் சொல்லவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க அன்று எக்ஸ்ரேகூடக் கிடையாது.

காந்தம் என்ன காட்டும்?

எம்.ஆர்.ஐ. மெஷினில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. இருப்பது பெரிய காந்தம். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு! நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை, காந்தமும் ரேடியோ அலையும் சேர்ந்து 'பேச' வைக்கின்றன. கம்ப்யூட்டர் அதைப் படமாக்குகிறது. இந்த முறைக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குரல்வளையைச் சுற்றிக் குருத்தெலும்புக் கூடு இருக்கிறது. கழுத்தின் முன்னால் மேடாகத் தெரிவது அதுதான். வயதாக ஆக அதன் சில பகுதிகள் எலும்பாக மாறி, உள்ளே கொழுப்பு சேரும். ஒருவகைப் படத்தில் அந்தக் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். புற்று நுழைந்தால் அந்த இடம் கறுத்துவிடும். ஆனால் வெறும் வீக்கம் இருந்தாலும் கறுக்கும். அதனால் வேறு வகைப் படங்களையும் எடுத்து ஒப்பிடுவார்கள். அந்த இடம் கட்டியைப் போலவே தெரிந்தால் புற்று என்ற சந்தேகம் பலமாகிறது. கட்டியைவிடப் பிரகாசமாக இருந்தால் வெறும் வீக்கமாக இருக்கலாம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு புற்று வெளியே வந்துவிட்டால், குரல்வளையையே எடுக்க நேரிடலாம். உள்ளேயே அடங்கியிருந்தால், கதிர்வீச்சு, மருந்து, லேசர் என்று குரல்வளையைக் காப்பாற்றும் வழிகள் பலருக்கு உண்டு.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. சி.டி. ஸ்கேன் சீக்கிரம் முடிவதால் பல இடங்களில் அதையே முதலில் எடுப்பார்கள். குருத்தெலும்பில் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. உதவும். எதை எடுத்தாலும் சதை எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் நடப்பது நல்லது. சதை எடுத்த இடத்து வீக்கம் படத்தைக் குழப்பக்கூடும்.

ஸ்கேனுக்குப் போகும்போது...

* பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

* தாலிச் சங்கிலி, தோடு, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

* சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். படம் தெளிவாகத் தெரிய ஊசி மருந்து போடுவதுண்டு.

* அரை மணிக்கு மேல் படுத்திருக்க வேண்டும். டமடமவென்று சத்தம் கேட்கும். பயந்து எழுந்துவிடாதீர்கள். இருமினாலும், எச்சில் விழுங்கினாலும் குரல்வளைப் படம் கலங்கிவிடும். அமைதியாக மூச்சு விடுங்கள்.

செலவை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை - எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போய்க் கேளுங்கள்.

நெசவாளருக்கு என்ன ஆயிற்று?

சி.டி. படத்தில் குருத்தெலும்பு சந்தேகமாக இருந்தது. "குரல்வளையை எடுக்க வேண்டி வரலாம்" என்றார்களாம். வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது புற்று இல்லை, வீக்கம்தான் என்று தெரிந்தது. கதிர்வீச்சும் மருந்துமாக ஏழு வாரம் சிகிச்சை. பீடிக்கு முழுக்கு. இப்போது குரல் கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் போனில் "அம்மாடி" என்றதும் மகளுக்கு அப்பா என்று தெரிந்துவிடுகிறது. டாக்டர்கள் சொன்ன தேதியில் தவறாமல் பரிசோதனைக்கும் போய் வருகிறார்.

சித்த மருத்துவன் ஸ்கேனுக்குப் போகச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். நோயின் ஆழம் தெரியாமல் கொடுக்கும் மருந்து எந்த வைத்தியமானாலும் இருட்டில் எறிந்த கல்தான். புற்று சிகிச்சையின்போது நம் மூலிகை எதைச் சாப்பிடுவதானாலும், அங்குள்ள டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இன்று உங்கள் வீட்டுப் பெரியவர் குரலை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். கம்மியிருந்தால், எப்போதிலிருந்து என்று காலண்டரில் எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் தாண்டியிருந்தால்... நாளைக்கே கிளம்புங்கள்!