துயில் ஒழுங்கு

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், முட்டத்திற்கும் குளச்சலுக்கும் இடையே அமைந்த ஊர் மண்டைக்காடு. தென்னஞ்சோலைகள் நிறைந்த அவ்வூரின் ஒருபால் அரபிக்கடல் ஓயாது முழங்கும். அங்குள்ள பகவதி அம்மன் கோயிலில் மாசித் திங்களில் பத்து நாள் நிகழும் கொடைவிழாவிற்குக் குமரி மாவட்டத்தினின்றும் கேரளத்தினின்றும் மக்கள் திரள்திரளாக வருவர். நிறைநாளன்று நள்ளிரவில் நடைபெறும் ஒடுக்கு பூசையைக் காணும்பொருட்டுச் சிறுவரும் முதியவரும் கண்விழித்திருப்பர். விழா முடிந்ததும் ஊர் தன் பழைய ஒழுங்கிற்குத் திரும்பிவிடும்.

அவ்வொழுங்கைக் கடற்கரை மக்களுக்கு வகுத்தவை யாவை? ஞாயிறும் காற்றும் எனலாம். நிலம் இரவிலே கடலினும் விரைந்து குளிர்வதால், வைகறையில் கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும். கட்டுமரத்தில் தொழில் செய்த மீனவர் அக்காற்றைத் துணைக்கொண்டு பாய்விரித்துச் சென்றனர். பகலில் நிலம் காய்ந்து கடற்காற்று எழுந்தபோது அதனோடு கரை மீண்டனர். வைகறையில் எழவேண்டியவர் முன்னிரவிலேயே துயின்றாக வேண்டும் அன்றோ! காற்றுத் தவறினால் அன்றைய பிழைப்பும் தவறும். ஆகலின், உறங்கும் வேளையை எவரும் அவர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பின்னர் இயந்திரப் படகுகள் வந்தன. காற்றை எதிர்நோக்கும் கட்டாயம் குறைந்தது.

இத்தகைய ஊரிற் பிறந்து வளரும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பள்ளியிற் பயிலுங்காறும் அவனது துயிலைக் காப்பவர் பிறர். “மக்களே, நேரமாயிற்று, விளக்கை அணைத்துப் படு” என்பாள் அன்னை. விடியலில் எழுப்புபவளும் அவளே. பின்னர் மேற்படிப்பின்பொருட்டோ தொழிலின்பொருட்டோ நாகர்கோவிலிலோ சென்னையிலோ ஓர் அறையில் அவன் தனித்து வாழத் தொடங்குகின்றான். அங்கே, படு என்பாரும் இல்லை. எழு என்பாரும் இல்லை. நள்ளிரவு கடந்தும் விளக்கு எரிகின்றது. கைப்பேசி கண்ணெதிரே ஒளிர்கின்றது. விழாவிற்காக ஆண்டில் ஓரிரவு விழித்தவன், இப்போது நாள்தோறும் விழிக்கின்றான். அதனை விடுதலை என்றும் கருதுகின்றான். இரண்டு திங்கள் செல்வதற்குள், கேட்ட பாடம் மனத்தில் நில்லாமற் போகின்றது. சிறு சொல்லும் சினமூட்டுகின்றது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல்வரை உறங்கியும் திங்கட்கிழமை அயர்ச்சி நீங்குவதில்லை.

இதனைச் சோம்பல் என்று மட்டும் இகழ்தல் பொருந்தாது. மனித உடலினுள் ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலும் கடிகாரம் ஒன்று உண்டு. அணுக்களுள் அக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக்கொண்டு ஆராய்ந்து கண்ட ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவர்க்கும் 2017 ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கண்வழிப் புகும் ஒளியே அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் முள். இருள் சூழ்ந்ததும் மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து, இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கும். இரவில் பேரொளி கண்ணிற் பட்டால் அச்சுரப்பு தடைப்படும். வளரிளம் பருவத்திலோ அக்கடிகாரம் இயல்பாகவே சிறிது பின்தங்கி ஓடும். அதனோடு விளக்கொளியும் சேர்ந்தால் துயில் மேலும் தள்ளிப் போவதில் வியப்பில்லை.

துயிலை முற்றும் துறந்தால் நேர்வது யாது? 1963 ஆம் ஆண்டுத் திசம்பர் இறுதி முதல் 1964 ஆம் ஆண்டுச் சனவரி வரை, அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்னும் 17 வயது மாணவர், பள்ளி அறிவியற் போட்டிக்கென 264 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தார். இறுதி நாளில், 100-இலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுமாறு அவரைப் பணித்தனர். அவர் 65 வரை வந்து நின்றுவிட்டார். காரணம் வினவியபோது, தாம் செய்துகொண்டிருந்தது இன்னதென்பதையே மறந்திருந்தார். பாடம் நினைவில் நிலைபெறுவதற்குத் துயில் எத்துணை இன்றியமையாதது என்பதை மாணவர் இதனால் உணரலாம்.

திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலங்களாக நான்கினை உரைத்து, அவற்றுள் துயிலையும் ஒன்றாக வைத்தார். இதுகொண்டு துயில் முழுவதும் தீதெனக் கொள்ளலாகாது. சோம்பலோடும் மறதியோடும் சேர்த்து எண்ணப்பட்டமையால், அங்குப் பழிக்கப்பட்டது கடமை மறந்து கிடக்கும் துயிலே என்பது தெளிவு. இரவை வீணே விழித்துக் கழிப்பவனும் அம்மரக்கலத்தில் ஏறியவனே ஆவான். பகலில் கடமை அழைக்கும்போது அவன் கண் மூடிவிடும் அன்றோ!

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை; அஃதாவது 4 மணி நேரம். இரவு 10 மணி முதல் 2 மணி வரை யாமம். 2 மணி முதல் 6 மணி வரை வைகறை. இவ்விரண்டும் கூடினால் 8 மணி நேரம். இக்கால மருத்துவ அறிஞர், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட இளைஞர்க்கு 7 முதல் 9 மணி நேரமும் துயில் வேண்டுமென்பர்.

இவ்வளவைப் பெறுதற்குத் தனித்து வாழ்வோன் முதலிற் செய்யத்தக்கது, எழும் வேளையை உறுதி செய்தலே. துயிலை வலிந்து அழைத்தல் அரிது. எழுதல் நம் கையில் உள்ளது. விடுமுறை நாளிலும் அதே வேளையில் எழுந்து, வெளியே வந்து காலையொளியில் சிறிது நடத்தல் வேண்டும். சில நாட்களில் உறங்கும் வேளையும் தானே ஒழுங்குபெறும். காப்பியை நண்பகலோடு நிறுத்துதல் நன்று. மாலை 6 மணிக்குப் பருகிய காப்பியிலுள்ள கஃபீனில் ஏறக்குறையப் பாதி, இரவு 11 மணியளவிலும் உடலில் எஞ்சி நிற்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரே விளக்கைத் தணித்து, கைப்பேசியைக் கை எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஓரறையில் இருவர் மூவர் தங்கினால், விளக்கணைக்கும் வேளையைத் தமக்குள் பேசி முடிவு செய்தல் நன்று. படுத்தும் நெடுநேரம் துயில் வாராவிடின், புரண்டு வருந்தாது எழுந்து, மெல்லொளியில் அமைதியான செயல் ஒன்றைச் செய்து, கண் அயரும்போது மீண்டும் படுத்தல் தகும். துயிலின்மை சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். தாமாக மாத்திரை உண்ணுதல் தீது.

படகிற்கு இயந்திரம் பூட்டினால் காற்றுக்குக் காத்திராமல் கடலுட் செல்லலாம். துயிலுக்கு ஈடாக உடலிற் பூட்டத்தக்க இயந்திரம் யாதும் இல்லை. தனித்து வாழ்தல் என்பது கேட்பாரின்றி வாழ்தல் அன்று. அன்னை கூறிய சொல்லைத் தனக்குத் தானே கூறிக்கொண்டு, அதற்குப் பணிந்து நடத்தலேயாம்.