ஆறு வோல்ட் இருந்தும் எரியாத விளக்கு

வகுப்பு: 10. பாடம்: மின்னோட்டவியல்.

கற்றல் விளைவு: மின் இணைப்பிலும் மின்தடை உண்டு என்பதை அளந்து அறிதல்.

மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் குப்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், வீட்டுச் சோலார் விளக்கின் தகட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தான். “தகடு செத்துப்போச்சு டீச்சர். பழைய இரும்புக் கடையில போடப்போறாங்க” என்றான். அவன் அப்பா விடியலில் வலை பார்க்கப் பயன்படுத்தும் விளக்கு அது.

தகட்டை வெயிலில் வைத்து, ஒயரின் முனையில் மல்டிமீட்டரால் அளந்தோம். 6 வோல்ட் காட்டியது. “தகடும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு விளக்கில்தான்” என்றேன். நான் சொன்னது தவறு. அதே முனையில் ஒரு பொம்மை மோட்டாரை இணைத்தபோது அது அசையவில்லை. அளவும் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. தகட்டின் பின்புறத் திருகைக் கழற்றினால், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு! உப்புக்காற்றின் வேலை. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் மோட்டார் சுழன்றது.

ஏன் அப்படி?

மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். மின்னோட்டம் ஏறத்தாழ இல்லையென்றால், V = IR-இன்படி களிம்பில் இழப்பும் இல்லை. எனவே 6 வோல்ட் முழுமையாகத் தெரிகிறது. இணைப்பின் மின்தடை 30 ஓம் என்று கொள்வோம். 0.1 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் இணைப்பிலேயே போய்விடும். இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் செய்யுங்கள்.

செயல்பாடு 1

தேவை: 6 வோல்ட் சிறு சோலார் தகடு, பொம்மை மோட்டார், மல்டிமீட்டர், செம்புக் கம்பி, உப்புத்தாள். ஒரு வாரம் முன்பே சில கம்பி முனைகளை உப்புநீரில் நனைத்து நனைத்துக் காயவிடுங்கள். களிம்பேறிய கம்பி, தேய்த்த கம்பி இரண்டாலும் மோட்டாரை இணைத்து, மின்னழுத்த வேறுபாட்டை அட்டவணைப்படுத்துங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டால் 47 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்த்துக் காட்டலாம். கூரைத் தகடுகளிலும் தெருவிளக்குகளிலும் மாணவர்கள் கை வைக்கக் கூடாது.

செயல்பாடு 2

தகட்டின் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரியும். உருவான மின்சாரத்தைத் திரட்டும் இணைப்புகள் அவை. கோடு அகலமானால் வெயிலை மறைக்கும். மெலிந்தால் மின்தடை கூடும். தாள் பட்டைகளைத் தகட்டின் மீது ஒவ்வொன்றாக வைத்து மின்னோட்டம் குறைவதை அளக்கச் சொல்லுங்கள். எல்லாக் கலங்களும் சமமாக மறையவேண்டும்; ஒரே கலத்தை மூடினால் மின்னோட்டம் அளவுக்கு மீறிச் சரியும்.

நானோ கம்பிக்கு எப்படி இணைப்பது?

2013-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வுக்குழு, இண்டியம் பாஸ்பைடு நானோ கம்பிகளாலான சூரிய மின்கலத்தில் 13.8 விழுக்காடு திறனை எட்டியது. ஒரு கம்பியின் விட்டம் சுமார் 180 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்தில் இவற்றை 400-க்கும் மேல் அடுக்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 40 லட்சம் கம்பிகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒயர் பற்றவைக்க முடியுமா?

முடியாது. அதனால் கம்பிகளைச் சுற்றி முதலில் சிலிக்கா என்னும் மின்கடத்தாப் பொருளைப் பூசுகிறார்கள். நுனிகளில் மட்டும் அதை நீக்கி, மேலே ஒளிபுகும் மின்கடத்திப் படலம் ஒன்றைப் படியவைக்கிறார்கள். அந்த ஒரே படலம் எல்லா நுனிகளையும் தொடுகிறது. சிலிக்கா இல்லையென்றால் படலம் அடித்தளத்தைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். நுனியில் சிலிக்கா மிஞ்சினாலோ, அந்தக் கம்பியின் மின்சாரம் வெளியே வராது. குப்பத்து விளக்கில் களிம்பு செய்த அதே தடை!

மதிப்பீடு

1. மல்டிமீட்டரில் 6 வோல்ட் காட்டியும் மோட்டார் ஓடவில்லை. ஏன்?
2. நானோ கம்பிகளின் மேற்படலம் ஒளிபுகுவதாக ஏன் இருக்கவேண்டும்?
3. உங்கள் வீட்டில் களிம்போ துருவோ ஏறிய இணைப்புகள் எவை? பார்த்து எழுதுக, தொடவேண்டாம்.

அந்த விளக்கின் இணைப்பில் வாசலின் தடவிக் கொடுத்தனுப்பினோம். தகடு இரும்புக் கடைக்குப் போகவில்லை. இப்போது எந்தக் கருவி பழுதானாலும் எங்கள் மாணவர்கள் முதலில் கேட்பது, “இணைப்பைப் பார்த்தீங்களா டீச்சர்?”